பச்சை மங்கி, சிவப்பு எழும்போது

"லேசரைக் குறைங்க விளக்கு சார், செல் வெந்துடும்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளக்கு சார் பதறிப் போய்க் குமிழைத் திருகினார். லேசர்களைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் நினைவிருந்தது. வெளியே பட்டப்பகல். ஜன்னலே இல்லாத இந்த அறைக்குள் மட்டும் ஆழ்கடல் இருட்டு.

திரையில் உயிருள்ள ஒரு செல் மிதந்தது. அதற்குள் சரக்குத் தூக்கும் புரத இயந்திரங்கள், இழைமேல் இரண்டு கால் வைத்து நடப்பவை. ஒரு காலில் பச்சைச் சாயம், மறு காலில் சிவப்பு. கால்கள் மடங்கி நெருங்கினால் பச்சை மங்கும், சிவப்பு எழும். விரிந்தால் மறுபடி பச்சை. வெளிச்சம் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் செல் வளரும் ஒவ்வொரு கண்ணாடிக் கிண்ணத்துக்கும் பத்தே நிமிடம்.

முதல் கிண்ணத்தில் அவை நடந்தன. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. தூக்கத்தில் நடப்பவர்களைப் போல, எந்த அவசரமும் இல்லாமல், ஆயிரம் விளக்குகள் ஊர்வலம் போயின. அவள் மூச்சு விடவும் மறந்தாள்.

இரண்டாவது கிண்ணத்தில் ஊர்வலம் இல்லை. வெறும் பச்சை. காலை மடக்கத் தெரியாமல், சுமந்த சரக்கோடு நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன.

இந்தக் கோளாறுதான் அவள் அப்பாவை முதலில் விரல்களில் பிடித்தது. ஐந்தே வருடத்தில் படுக்கையில் தள்ளியது. தம்பிக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். போன மாதம் அவன் கையிலிருந்து டம்ளர் நழுவியதிலிருந்து வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

ஒரு கிண்ணத்தில் தம்பியின் தோலிலிருந்து வளர்த்த செல்கள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. நோயில்லை என்று கையெழுத்துப் போட்டு யாராவது ஒருவர் தருவது. எது யாருடையது என்று பார்க்கிறவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் மனசு கண்ணை ஏமாற்றிவிடும். தம்பி விஷயத்தை அக்காவே பார்ப்பதா என்று கேள்வி வந்தபோதுகூட, மறைத்துத்தானே தருகிறோம் என்று விளக்கு சார்தான் பரிந்து பேசினார். கிண்ணங்களுக்கு எண் போட்டு, எது யாருடையது என்று எழுதிய சீட்டை உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பவரும் அவரே.

நடுவில் தம்பி போனில் வந்தான். "என்னக்கா, என் ஆளுங்க நடக்கிறாங்களா, இல்ல ஸ்டிரைக்கா?" என்றான். படம் இன்னும் ஏறவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வைத்தாள்.

"பிரிங்க சார்."

அவர் உறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். உள்ளே இருப்பது அவர் எழுதியதுதான். பிரிக்காமலே அவருக்குத் தெரியும். திரை வெளிச்சத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்குப் பிரிக்கலாமேம்மா. நிதானமா இருக்கிறப்போ."

"நான் நிதானமாத்தான் இருக்கேன். முதல் கிண்ணம் அவனோடதா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் கேட்கல."

உறை கிழிந்தது.

"முதல் கிண்ணம் தம்பியோடது," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. உடனே தம்பியைக் கூப்பிட்டாள். ஒருத்தன்கூட ஸ்டிரைக் இல்லை, எல்லாரும் ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கிறார்கள், டம்ளர் நழுவியது உன் திமிரால், வேறெதனாலும் இல்லை என்று திட்டினாள். அந்தப் பக்கம் அவன் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. பிறகு அவன் மனைவி விசும்புவதும் கேட்டது. பெண் பிறந்தால் உன் பெயர்தான் வைப்போம் என்று சத்தியம் செய்தான். வேண்டாம்டா, பிள்ளை பாவம் என்றாள்.

போனை வைத்தபோதும் விளக்கு சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

திரையில் இரண்டாவது கிண்ணத்தின் பச்சைப் புள்ளிகள் அசையாமல் மிதந்தன. அவள் ஒன்றை மட்டும் விரலால் மெல்லத் தொட்டாள்.

"அவன்கிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதீங்க சார், குழந்தை பிறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்," என்றாள், இரண்டாவது கிண்ணத்துக்குத் தன் முழங்கைத் தோலைக் கிள்ளிக் கொடுத்திருந்த அந்த அக்கா.