மாப்பிள்ளை வரவில்லை

"பட்டுச்சேலை எதுக்குட்டி? அந்த நீலக் கைத்தறியே போதும், கெளம்பு" என்றார் குத்தாலிங்கம்.

சண்முகசுந்தரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் பார்க்க வந்திருப்பவர்கள் முன்னால் கைத்தறிச் சேலையில் போய் நிற்கச் சொல்கிற அப்பா தென்காசியிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அம்மா எடுத்து வைத்த பழத்தட்டையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

"மெட்ராஸ்காரங்க. சீசனுக்குக் குற்றாலத்துல வந்து தங்கியிருக்காங்க. கூட்டமெல்லாம் வேண்டாம், பொண்ணை மட்டும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுதாங்க" என்று தன் அண்ணன் வீரபாகுவிடம், துண்டை உதறித் தோளில் போட்டபடி சொன்னார்.

"நல்ல எடம்னா விட்ராதடே" என்றார் வீரபாகு.

அந்த வீட்டில் பெரியப்பா வீரபாகு சொல்வதுதான் முடிவு. சுந்தரி எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருந்தாள். போன மாதம், சென்னையில் புதிதாகத் தொடங்கியிருந்த சுற்றுப்புறச் சூழல் அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஆறு, காடு, ஆலைக் கழிவு இவற்றுக்கெல்லாம் அரசாங்கம் என்ன விதிமுறை வகுக்கலாம் என்று ஆராய்ந்து சொல்கிற வேலை. அந்த 1983-இல் அப்படியொரு வேலை இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது.

"காத்தும் தண்ணியும் நல்லாருக்கான்னு பாக்க ஒரு உத்தியோகமா? அதுக்குப் பொட்டப்புள்ள தனியா மெட்ராஸ் போகணுமாக்கும்?" என்று கேட்டார் பெரியப்பா. அப்பா வாயே திறக்கவில்லை. தேர்வு நாள் வந்து போயிற்று. அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குற்றாலம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. சுந்தரி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்று வந்திருப்பவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவே கூடாது.

பேரருவிக்கு எதிரே இருந்தது அந்த விடுதி. வராந்தாவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாளும், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை என்று சொல்லும்படி யாரையும் காணவில்லை.

"நான் அகிலாண்டேஸ்வரி. உட்காரும்மா. வீட்டை விட்டு வெளியூர்ல இருந்து பழக்கம் உண்டா?"

"பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல இருந்திருக்கேன்."

"சமையல்?" என்றார் பெரியவர்.

"அவ்வளவா வராது" என்று கூசாமல் பொய் சொன்னாள் சுந்தரி.

"பரவாயில்லை. பசிக்கு ஏதாவது பொங்கத் தெரிஞ்சாப் போதும். காடு, மலைன்னு அடிக்கடி சுத்த வேண்டியிருக்கும்."

மாப்பிள்ளைக்கு வனத்துறையில் வேலையோ என்று நினைத்துக்கொண்டாள்.

"பெரியவங்க சொல்றது தப்புன்னு பட்டா என்ன செய்வே?" என்று கேட்டாள் அகிலாண்டேஸ்வரி.

இதற்காகத்தானே காத்திருந்தாள். "தப்புன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்குக் குழப்பம் கூடியது. குத்தாலிங்கம் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே அருவிக்கரையில் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காலடியில் சோப்பு நுரை ஓடியது. அகிலாண்டேஸ்வரி அதைக் காட்டி, "பேசாம இதையெல்லாம் தடை பண்ணிட்டா என்ன?" என்றாள்.

"வெறும் தடையை நான் ஒத்துக்கிட மாட்டேன்" என்றாள் சுந்தரி. "எண்ணெய் தேய்ச்சு விடுதவங்களுக்கு இந்தச் சீசன்லதான் பொழப்பு. தடைன்னு போர்டு வச்சா, காவலுக்கு நிக்கவனுக்குத்தான் லாபம். கொஞ்சம் தள்ளித் தொட்டியும் குழாயும் கட்டுங்க. எண்ணெய், சோப்பை அங்கன போக்கிட்டு அருவிக்கு வரட்டும். அந்த அழுக்குத் தண்ணி சிற்றாத்துல சேராம தென்னந்தோப்புக்குப் போகட்டும். அதுக்கப்புறம் சட்டம் போடுங்க."

"செலவு ரொம்ப ஆகுமே" என்றார் பெரியவர்.

"ஆத்தைக் கெடுத்துட்டு அப்புறம் சுத்தம் பண்ணுத செலவைவிடக் கம்மிதான்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் எவ்வளவு உரக்கப் பேசிவிட்டோம் என்பது உறைத்தது. போகட்டும், இப்படி ஒரு வாயாடியை எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? மனசு லேசானது.

அவர்கள் இருவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மேற்கொண்டு ஆக வேண்டியதை நாங்க பார்த்துக்கறோம். அடுத்த மாசமே வந்துடட்டும்" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

குத்தாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

சுந்தரி சட்டென்று எழுந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது. "மன்னிச்சிருங்கம்மா, எனக்கு இதுல இஷ்டமில்ல. மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. அவரு இங்கன வரவும் இல்ல."

அகிலாண்டேஸ்வரி குழம்பிப்போய் குத்தாலிங்கத்தைப் பார்த்தாள்.

"எந்த மாப்பிள்ளை? அருவித் தண்ணியை ஆராய நாங்க இங்க முகாம் போட்டதுல இருந்து, 'உங்க ஆபீஸ் இன்டர்வியூவுக்கு வர முடியாமப் போன பொண்ணு, ஒரு தடவை பேசிப் பாருங்க'ன்னு உங்கப்பா தினமும் இந்த வாசல்ல வந்து நின்னாரேம்மா?"

குத்தாலிங்கம் மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பொண்ணு பாக்க வந்திருக்காங்கன்னு சொன்னாத்தாம்ட்டி உங்க பெரியப்பா உன்னை வாசலைத் தாண்ட விடுவாரு, உனக்குச் சொன்னா உன் முகமே காட்டிக் குடுத்திரும். இனி அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்."