துடைப்பக் கட்டையில் கட்டிய காந்தம்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும் அம்மாவின் துடைப்பக் கட்டை நுனியில், ஒரு பாலித்தீன் பைக்குள், அவருடைய காந்தம்.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"காந்தம் ஐயா. மூலை உடைஞ்சு ஓரமா கிடந்துச்சு."

"வெறும் காந்தமா? அரிய மண் உலோகத்தை இரும்போட உருக்கிச் சேர்த்தது. எவ்வளவு சூட்டுலயும் பிடி விடாது. என் பன்னிரண்டு வருஷ உழைப்பு."

"பிடி நல்லாத்தான் இருக்கு ஐயா. பக்கத்து லேத் பட்டறையிலேருந்து வர்ற இரும்புத் தூள் ஒண்ணு விடாம ஒட்டிக்குது. பையைக் கழட்டினா பொலபொலன்னு கொட்டிடுது."

காந்தத்தில் ஒட்டிய தூளைப் பேராசிரியரின் மாணவர்கள் இடுக்கியால் நாள் முழுக்கப் பொறுக்குவார்கள். அது நினைவுக்கு வந்ததும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. கட்டையைப் பிடுங்கித் தன் மேஜைக்குப் பின்னால் சாய்த்தார்.

"நாளைக்குக் குழு வருது. அவங்க போகட்டும், உன்னை வீட்டுக்கு அனுப்பறேன்."

இந்த வேலையை விட்டால் அம்மாவுக்கு வேறு நாதியில்லை.

ஆய்வைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவுசெய்யும் குழு அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே சட்டம். மறுநாள் குழுத் தலைவர் தயங்கித் தயங்கிக் கால் வைத்தார். போன வருடம் இரும்புத் தூள் குத்தி ஒரு வாரம் நொண்டியவர்.

பேராசிரியர் ஆரம்பித்தார். மோட்டாருக்குப் பயன்படலாம், காற்றாலைக்குப் பயன்படலாம்...

"படலாம் படலாம்னு பன்னிரண்டு வருஷமா சொல்றீங்க. இதுவரைக்கும் எதுக்காவது பயன்பட்டிருக்கா?"

கேட்டுக்கொண்டே தலைவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, இந்தத் தடவை ஒண்ணும் குத்தலையே. எப்படி?"

பேராசிரியர் ஓடிப்போய்த் துடைப்பக் கட்டையை எடுத்துவந்தார். "எங்க புதுக் கருவி சார். பையைக் கழட்டினா பொலபொலன்னு கொட்டிடும்."

தலைவர் தானே ஒருமுறை கழற்றிப் பார்த்துச் சிரித்தார். ஆய்வுக்கு இன்னும் மூன்று வருடம் கிடைத்தது. அறிக்கையில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் பேராசிரியரின் பெயர் இருந்தது.

அடுத்த வாரம் பெருக்கும் அம்மாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. காந்தத்தை அனுமதியில்லாமல் எடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார் பேராசிரியர்.

கடிதத்தின் அடியிலேயே அவள் பதில் எழுதிக் கொடுத்தாள்:

"ஐயாவின் பொருள் அன்றைக்கே ஐயாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பொருளை ஐயா எப்போது திருப்பித் தருவார்?"