தண்ணீர் கேட்காத செடி

வயலுக்குப் பதிலாகக் கணினி கைபேசியில் வளர்த்துக் காட்டும் மாதிரிச் செடி எவ்வளவு தண்ணீர் கேட்கிறதோ அவ்வளவுக்குத்தான் வயலில் குழாய் திறக்கும். ராமநாதபுரம் பக்கம் எல்லாருக்கும் இப்போது அதுதான் முறை. அந்தப் போகத்தில் பூமயிலின் கைபேசிச் செடி பூக்கும் முன்பே கருகிவிட்டது. சாகப்போகிற பயிருக்குத் தண்ணீர் எதற்கு என்று குழாய் மூடிக்கொண்டது.

வயலில் நின்ற மிளகாய்ச் செடிகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அவை பச்சையாகவே நின்றன. பூமயிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், கடைசியில் குடிக்கிற தண்ணீர் என்று குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். இடுப்பு புண்ணாகிப்போனது. மிளகாய் பழுத்தது.

வேளாண் அதிகாரியை வயலுக்கே இழுத்துவந்தாள்.

“பாத்தீகளா சார்? உங்க செடி செத்துப்போச்சு. எஞ்செடியப் பாருங்க!”

அதிகாரி மகிழ்ந்துபோய்ப் படம் எடுத்து, கைபேசிச் செடியை வளர்க்கும் கணினிக்கு அனுப்பினார்.

அடுத்த போகத்தில் கைபேசிச் செடி செழிப்பாக வளர்ந்தது. குழாய் மட்டும் திறக்கவே இல்லை. பூமயில் அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“உங்க மண்ணுல தண்ணி இல்லாமலே மிளகா விளையும்னு கம்ப்யூட்டரு கத்துக்கிருச்சும்மா.”

“நான் குடத்துல சொமந்து ஊத்துனேன் சார்!”

“குழாய்ல வந்தாத்தாம்மா அது கணக்குல தண்ணி.”

ஊர் முழுக்க அதே மண். எல்லார் வயலிலும் குழாய் மூடிக் கிடந்தது.

பக்கத்து வயல்காரி செவத்தியம்மா காலிக் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

“கெட்டிக்காரியில்ல நீ? சொல்லு. ஒரு செடிக்கு எத்தன செம்பு ஊத்துன?”