குவைத் தாமஸுக்கு ஒரு பதில்

அல்லிநகரத்தில் பவானி நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு இம்மானுவேல் செவ்வாய்தோறும் வருவார். ராயப்பன்பட்டியில் திராட்சை விவசாயி. தமிழில் வலைப்பதிவு ஒன்று வைத்திருந்தார். டைப்பிங் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல பவானிதான் அடிப்பாள்.

“பின்னூட்டம் வந்திருக்கா, பவானி?”

“வந்திருக்குண்ணே. குவைத் தாமஸ்தான்.” வாசித்தாள். “‘மின்வெட்டு பற்றிய பதிவு அருமை. மோட்டார் ஓடாத தோட்டத்தை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. கட்டைவிரல் காயம் ஆறிவிட்டதா?’”

“நாலு மாசமா இவுக ஒருத்தர்தான் படிக்கிறாக. இவுக இல்லேன்னா எழுதுறதை எப்பவோ விட்டிருப்பேன்” என்றார் இம்மானுவேல். “இன்னைக்கு இவுகளுக்கே பதில் எழுதுவோம். நான் சொல்றேன், நீ டைப் அடி ஆத்தா.”

பவானி கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்.

“அன்புள்ள தாமஸ், காயம் ஆறிவிட்டது. கொடியைக் கவாத்து செய்யும்போது கத்திரி பட்டது. ஆனால் அதை நான் பதிவில் எழுதவே இல்லை. போன செவ்வாய் இந்த சென்டரில் உட்கார்ந்திருந்தபோது ரத்தம் கசிந்தது. அப்போது என்னோடு இங்கே இருந்த ஒரே ஒருவர் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். அந்தச் செய்தி எப்படியோ குவைத்துக்குப் போயிருக்கிறது.”

பவானியின் விரல்கள் நின்றுவிட்டன. திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஏன் நிறுத்திட்ட? இன்னும் ஒரு வரி இருக்கு.” இம்மானுவேல் நாற்காலியை அருகே நகர்த்திக்கொண்டார். “‘அடுத்த செவ்வாயும் எழுதுவேன். நீங்களும் குவைத்திலிருந்து தவறாமல் வந்துவிடுங்கள்.’”