கிழக்குப் பள்ளிக்கு வந்த ஆங்கில வாத்தியார்

காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில், செருப்பு அலமாரிக்கு முன்னால், ஆறரை அடி உயரத்தில் ஒரு வெளிநாட்டு இளைஞன் நிற்பதைக் கண்டதும் உதவித் தலைமை ஆசிரியை கஜிவாரா பதறிப்போய் ஓடிவந்தார்.

தேய்த்த சட்டை. தோளில் பை. முகம் நிறையச் சிரிப்பு. ஜப்பானின் இந்தச் சின்ன ஊருக்கு இப்படி ஒருவன் வருகிறான் என்றால் வேறு யாராக இருக்க முடியும்? ஆங்கில வாத்தியார்தான்.

நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கிற கிழக்குத் தொடக்கப் பள்ளிக்கும் ஒரு ஆங்கில ஆசிரியரை அனுப்புங்கள் என்று மூன்று வருடமாகக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார் கஜிவாரா டீச்சர். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவர்களும் சளைக்காமல் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அனுப்பியே விட்டார்கள். அறிவிப்புக் கடிதத்தைத்தான் டீச்சர் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார்.

இளைஞன் தட்டுத் தடுமாறிய ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டீச்சர் முடிக்க விட்டால்தானே? இடுப்புவரை குனிந்து, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்தார். அவன் மறுபடி ஆரம்பித்தான். இவர் மறுபடி குனிந்தார். மரியாதைக்கு அவனும் குனிந்தான். அதோடு பேச்சு முடிந்துபோயிற்று.

அவன் வருவதையே மறந்துவிட்டார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது. அது அலுவலகம்வரை போனால் இந்தப் பள்ளிக்கு ஜென்மத்துக்கும் ஆங்கில வாத்தியார் கிடையாது.

பத்தே நிமிடம்தான். பேரைக் கேட்டு, அலமாரியில் ‘டெல்ராய்’ என்று சீட்டு ஒட்டியாயிற்று. பள்ளிக்குள் போட்டுக்கொள்ளும் விருந்தினர் செருப்புக்குள் பாதிக் கால்தான் நுழைந்தது, மீதியை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு மேசை காலியானது. தலைமை ஆசிரியர் யோனேடா, எல்லாம் ஏற்பாடு செய்தாயிற்றல்லவா என்று காதோடு கேட்டார். எப்போதோ ஆயிற்று என்று டீச்சர் தலையாட்டினார். கடிதம் தன் மேசையில்தான் தொலைந்ததோ என்று யோனேடாவுக்கும் உள்ளூரப் பயம் போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்பின் கணக்குப் பாடம் தள்ளிப்போனது. அதற்காக எந்தப் பிள்ளையும் அழவில்லை.

வகுப்பு வாசலில் டெல்ராய் தயங்கி நின்றான். டீச்சரைப் பார்த்தான். உள்ளே கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்த பதினோரு பேரைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

அப்புறம் ஒரே திருவிழாதான். கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, இதுதான் என் தீவு, செயின்ட் வின்சென்ட் என்றான். பிடித்த சாப்பாடு என்று சீமைப்பலாவை வரைந்தான். பிள்ளைகள் அதைப் பந்து என்றார்கள். முள்ளெலி என்றார்கள். யோனேடா சாரின் தலை என்றது ஒரு வாண்டு. தப்பான பதில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, எல்லாரையும் உரக்கக் கத்தச் சொன்னான். கத்தினார்கள். பக்கத்து வகுப்புகள் ஜன்னலில் வந்து தொங்கின.

வராந்தாவில் நின்ற டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருடம் எழுதியது வீண்போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

மதியம் இன்னொரு சிக்கல். அவனுக்கென்று சாப்பாடு சொல்லியிருக்கவில்லை. வயிறு சரியில்லை என்று தன் தட்டை அனுப்பிவிட்டு, சாமான் அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்றபடி டீச்சர் இரண்டு பிஸ்கட் தின்றார். கறிக் குழம்பை அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்று சேதி வந்ததும் அவருக்குப் பசியே தெரியவில்லை.

மூன்று மணிக்கு வழியனுப்பப் பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்துவிட்டது. வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தோடு ஓடிவந்தார்கள். டெல்ராய் ஒருவர் விடாமல் கைகொடுத்தான். பிறகு டீச்சரிடம் வந்து மடித்த தாள் ஒன்றை நீட்டினான். காலையிலிருந்து தொண்டையிலேயே கிடந்ததை இப்போதுதான் முழுசாகச் சொல்ல முடிந்தது.

"மேற்குப் பள்ளிக்கு எப்படிப் போகணும் மேடம்? நாளைலேர்ந்து எனக்கு அங்கதான் வேலை. வழி கேக்கலாம்னுதான் காலைல உள்ள வந்தேன்."

தாளில் கல்வி அலுவலகத்தின் முத்திரை இருந்தது. நாளைய தேதி இருந்தது. மேற்குத் தொடக்கப் பள்ளி என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

டீச்சருக்கு முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான், ஆனால் முதுகு வளைய மறுத்தது. பின்னால் நாற்பத்து மூன்று பேரும், நாளைக்குப் பார்க்கலாம் சார் என்று, அன்று கற்ற ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தாறு வருட வேலையில் அவர் யாருக்கும் தப்பாக வழி சொன்னதில்லை.

"ரொம்ப தூரம் சார். நடந்தெல்லாம் போக முடியாது. பேசாம இங்கயே இருந்துடுங்க."

ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மேற்குப் பள்ளி மாடியின் பெரிய கடிகாரம் மணி மூன்றேகால் என்று இங்கிருந்தே தெளிவாகக் காட்டியது.