கலர் படமும் கருப்பு வெள்ளையும்

தங்கப்பழம் மொட்டை மாடியிலருந்து வானத்துல இருக்குற நெபுலாங்கிற ஒரே வாயு மேகத்த ரெண்டு படமா எடுத்திருந்தாரு. ஒண்ணு கருப்பு வெள்ளை. ஒரே ஒரு சிவப்பு ஒளிய மட்டும் விடுற ஃபில்டர் போட்டு எடுத்தது, வாயு மேகம் நூல் நூலா தெரியும். இன்னொண்ணு கலர். அதுல நட்சத்திரமெல்லாம் அதது நிறத்துல இருக்கும், மேகம்தான் தெருவிளக்கு வெளிச்சத்துல கரைஞ்சு போயிருக்கும்.

"சேத்துப் பாப்போம். சரியா வரலேன்னா ரெண்டையும் அழிச்சிர வேண்டியதுதான்"னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு.

"நீ கீழ படு. நான் முழுசா போத்திக்கிறேன்"னுச்சு கருப்பு வெள்ளை.

கலர் படுத்துச்சு. தங்கப்பழம் கருப்பு வெள்ளைக்குச் சிவப்பு பூசி மேல விரிச்சாரு. மேகம் பிரமாதம். நட்சத்திரமெல்லாம் ரோஸ்மில்க் தெறிச்ச மாதிரி ஆயிருச்சு. அவரு கை அழிக்கிற பட்டனுக்குப் போச்சு.

"ஏம்ப்பா, நட்சத்திரம் என்ன நிறம்னு உனக்குத் தெரியுமா?"ன்னுச்சு கலர்.

"எனக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளிதான்."

"அப்ப அத எங்கிட்ட விட்டுட்டு மேகத்துல மட்டும் நில்லு. அங்க எனக்குக் கண்ணு தெரியல."

கருப்பு வெள்ளை நட்சத்திரங்கள விட்டு மெதுவா ஒதுங்குச்சு. நட்சத்திரமெல்லாம் அதது நிறத்துக்குத் திரும்புச்சு, மேகம் சிவப்பா அப்படியே நின்னுச்சு. தாந்தான் சரி பண்ணினதா நெனச்சு தங்கப்பழம் படத்தச் சேமிச்சாரு.

"இப்ப நீ எங்க இருக்க?"ன்னு கேட்டுச்சு கலர்.

"தெரியல. உனக்குள்ளதான் எங்கயோ."