முதல் ரேகை

இரக்கம் என்றாலே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, கிராணி அய்யாக்கண்ணுக்கு வேப்பங்காய். பக்கத்து வீட்டு இராஜம்மாவின் கதவை உடைத்துப் புகுந்தவன், அவள் மண்டையையும் உடைத்துவிட்டு ஓடியிருந்தான். கிராணி ஊரைக் கூட்டி, போலீஸ் துரைக்கு மனு எழுதினார்.

“வீடு புகுந்து அடிச்சவனுக்கு ரோத்தான் பிரம்பால இருபது அடி. சட்டத்துலயே எழுதிடணும். வயசு, குடும்பம், பொண்டாட்டி அழுகை, எதையும் ஜட்ஜு கேக்கக் கூடாது!”

“எதையுமேவா?” என்றார் வண்டிக்காரர் சின்னையா.

“ஒமக்கு என்னய்யா திருடன் மேல பாசம்?”



எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள். முதல் ரேகை தம் வீட்டுடையதாக இருந்தால்தானே கௌரவம்? பின்னால் நழுவிய, எழுதத் தெரியாத மருமகனைப் பிடித்திழுத்து, அவன் விரலைத் தாமே மையில் அழுத்தினார் கிராணி.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் மனுவோடு வந்தார்.

“ரொம்ப நன்றி கிராணி. இராஜம்மா பெட்டியில பதிஞ்ச ரேகைக்கு ஆள் தேடி அலைஞ்சோம். நீங்களே அனுப்பிட்டீங்க. முதல் ரேகைதான்.”

கிராணி அவசரமாகப் பேனாவைத் தேடினார். 

“ஐயா, அந்த மனுவக் கொஞ்சம் குடுங்க. ஜட்ஜு கேக்கக் கூடாதுங்கிற வரிய மட்டும் அடிச்சிடறேன். சின்ன வயசுங்க... புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி அழுவாளே!”